அரைத் தடம் விலகி

இராசரத்தினம் செத்துவிடக் கூடாதே என்று நான் சாமியிடம் வேண்டிக்கொண்டது இரண்டு முறை. முதல்முறை, அவனுக்குத் தண்டனை விதித்த அன்று. இரண்டாவதைக் கடைசியில் சொல்கிறேன், அவசரப்படாதீர்கள்.

என் பெயர் தையல்நாயகி. கடலூர் பழைய துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவள். நான் தொண்டையைத் திறந்தால் உப்பனாற்றுக்கு அக்கரையில் இருக்கிறவன் திரும்பிப் பார்ப்பான். இராசரத்தினம் பூச்சிமருந்து ஆலை முதலாளி. அவன் ஆலையில் வாயு கசிந்துதான் என் வீட்டுக்காரர் கலியமூர்த்தி போனார். கசிவு வந்தால் அலறுகிற அபாயமணி ஒன்று அங்கே இருந்தது. சும்மா சும்மா அலறி வேலையைக் கெடுக்கிறது என்று அதன் ஒயரைப் பிடுங்கச் சொன்னவன் அவன். கோர்ட்டில் சொன்னது வேறு. "கலியமூர்த்தி குடிச்சிட்டு வந்து வால்வைத் திறந்து விட்டுட்டான்" என்றான். ஏப்பம் வரும் என்று சோடாகூடக் குடிக்காத மனுஷன் என் வீட்டுக்காரர்! அந்தப் பொய்யை நம்பி விடுதலை செய்தார்கள். கோர்ட்டு வாசலில் அவனுக்கு ரோஜா மாலை போட்டார்கள். படியில் நின்றுகொண்டிருந்த எனக்கு அந்த ரோஜா வாசனை குமட்டிக்கொண்டு வந்தது. இன்றைக்கும் எங்கள் வீட்டுப் பக்கம் ரோஜா கொண்டுவரக் கூடாது.

அப்போது என் தலையில் ஒரு நரை கிடையாது. இப்போது ஒரு கருப்பு முடி கிடையாது. அவ்வளவு காலம் கழித்துப் புதுச் சட்டம் வந்தது. பழைய வழக்குகளைத் தோண்டினார்கள். ஒயரைப் பிடுங்கிய எலக்ட்ரீஷியன் சாவதற்கு முன்னால் வாயைத் திறந்துவிட்டுச் செத்தான், புண்ணியவான். இராசரத்தினம் குற்றவாளி என்று தீர்ப்பானது.

நீதிபதி ஒரு பெண். என்னைப் பார்த்துப் பொறுமையாகச் சொன்னார்.

"எண்பது வயசு தாண்டினவங்களுக்கு ஜெயில் கிடையாதும்மா. உணர்த்தல் மட்டும்தான்."

"அப்படின்னா என்னங்கம்மா?"

"உங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில பட்ட வேதனையை வலிமானியில பதிவு பண்ணி வெச்சிருக்காங்க இல்லையா? இவர் தலையில பட்டையை மாட்டி, அதை ஒரு தடவை ஓட்டுவோம். உயிருக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா அவர் பட்டது அத்தனையும் இவருக்குள்ள இறங்கும். முடிஞ்சதும் பதிவை இங்கேயே அழிச்சிடுவோம். ஒரு குத்தத்துக்கு ஒரு தடவைதான்."

வலிமானி என்பது அந்தக் காலத்தில் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் சோதனைக்கு வைத்திருந்த ஒரு பெட்டி. நோயாளியின் தலையில் பட்டையைக் கட்டிவிட்டால், எவ்வளவு வலி என்று ஒரு ஃப்ளாப்பியில் எழுதிக்கொள்ளும். அதைப் பார்த்து டாக்டர் மருந்தின் அளவைச் சொல்வார். வீட்டுக்காரர் போனபிறகு அவருடைய சட்டையோடு அந்த ஃப்ளாப்பியையும் கொடுத்தார்கள். ஒன்றரை நிமிடப் பதிவு. எதற்கு என்று தெரியாமலே பீரோவில் வைத்திருந்தேன்.

கோர்ட்டில் அதற்கென்று ஒரு பழைய டிரைவ் இருந்தது. உள்ளே தள்ளினார்கள். டக்... டக்... டக் என்று ஒரு சத்தம். திரையில் 'படிக்க முடியவில்லை' என்று வந்தது. எடுத்து ஊதிவிட்டு மறுபடியும் தள்ளினார்கள். மறுபடியும் டக்... டக்... சக்கர நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்த இராசரத்தினத்தின் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்துவிட்டுப் போனது. யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

"பதிவைப் படிக்கிற நிலையில கொண்டுவர்றது மனுதாரர் பொறுப்பு. ஒரு மாசம் டைம் தர்றேன். முடியலைன்னா அபராதத்தோட வழக்கு முடிஞ்சிடும்" என்றார் நீதிபதி.

அபராதமாம். எவனுக்கு வேண்டும்? நேராகப் பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போனேன். 'இந்த ஒரு மாசம் அவனை உயிரோட வை. அப்புறம் நீ கொண்டு போய்க்கோ' என்று வேண்டிக்கொண்டேன்.

வலிமானியைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர் ஒருவர்தான் மிச்சம் என்றார்கள். சென்னை ரிச்சி தெருவில் ஒரு மாடியில் கடை. பெயர் பிலோமினா. படித்த எஞ்சினியர், என்னைவிடச் சில வயது இளையவள், வாய் என்னைவிட நீளம்.

"கை வைக்காதீங்கக்கா! விரல் ரேகை பட்டாலே போச்சு. இந்த ஊர்ல ஃப்ளாப்பியைத் தொடத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான். மத்தவனெல்லாம் படத்துல பார்த்தவன்."

"பெருமை அப்புறம் பேசு. இது படிக்குமா, படிக்காதா?"

"படிக்கலைன்னா என் பேரை மாத்திக்கிறேன்" என்றாள்.

முதலில் தன்னிடமிருந்த நல்ல ஃப்ளாப்பித் தட்டு ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். டிரைவ் கடகடவென்று படித்தது. ஆக, டிரைவில் கோளாறு இல்லை. என் தட்டைப் போட்டாள். டக்... டக்... வேறு டிரைவில் போட்டாள். அதிலும் அதே டக் டக். டிரைவுக்குள் தட்டைப் படிக்கிற ஹெட்டை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தாள். தட்டின் இரும்பு மூடியைத் தள்ளி வெளிச்சத்தில் பார்த்தாள். "பூஞ்சை பிடிச்சிருக்கு, அதான்" என்று கூட்டைப் பிரித்து, உள்ளே இருந்த மெல்லிய கருப்பு வட்டத்தைக் கழுவிக் காயவைத்து வேறு கூட்டில் போட்டாள். நான் ஏலம் முடித்த கையோடு கடலூரில் பஸ் ஏறி அங்கே போய் உட்கார்வதும், டக் டக் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்புவதுமாக நாட்கள் போயின.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. மேசையை ஓங்கி அடித்தேன். "பாழாப்போன பெட்டி! அந்த நர்ஸ் மாதிரி ரெண்டு போட்டாத்தான் இது கேக்கும்போல!"

பிலோமினா நிமிர்ந்தாள். "எந்த நர்ஸ்?"

"ஆஸ்பத்திரி நர்ஸ்தான். நான் உள்ள நுழையும்போதே அந்தப் பெட்டியை அடிச்சிட்டு இருந்தாங்க. நின்னு நின்னு போகும்போல. பக்கவாட்டுல ஓங்கி ஒரு தட்டு. உடனே ஓடும்."

"டெய்லி அடிப்பாங்களா?"

"ஆமா. அந்த வார்டுல எல்லாருக்கும் பழக்கமாம். அடிச்சாத்தான் வேலை செய்யும்னு சிரிச்சாங்க."

"எந்தப் பக்கம் அடிச்சாங்க? யோசிச்சுச் சொல்லுங்க."

கண்ணை மூடிப் பார்த்தேன். கட்டில், ஜன்னல், பெட்டி. "வலது பக்கம்" என்றேன்.

பிலோமினா தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ, நான் ஒரு மடச்சி! டிரைவும் நல்லா இருக்கு, தட்டும் நல்லா இருக்கு. எழுதினதுதான் கோணல். இங்க பாருங்கக்கா. இந்தத் தட்டுல வட்டம் வட்டமா தடம் உண்டு. அதுமேலதான் எழுதணும். அந்த டிரைவ் அடி வாங்கி வாங்கி உள்ள மோட்டார் நகர்ந்து போயிருக்கு. அரைத் தடம் விலகி, ரெண்டு தடத்துக்கு நடுவுல எழுதியிருக்கு. நேரா இருக்கிற டிரைவுக்கு அங்க ஒண்ணுமே இல்லாத மாதிரிதான் தெரியும். கோணலா எழுதினதைக் கோணலான டிரைவ்தான் படிக்கும்."

"அப்போ இதையும் கோணலாக்கு."

"இத்தனை வருஷமா கோணலை நேராக்கித்தான் பழக்கம்" என்று முனகிக்கொண்டே டிரைவின் அடியில் இருந்த திருகுகளைத் தளர்த்தினாள். மோட்டாரை மயிரிழை நகர்த்துவாள், காது கொடுத்துக் கேட்பாள், மறுபடி நகர்த்துவாள். திடீரென்று டக் டக் நின்றது. சன்னமாக ஒரு ரீங்காரம். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

திரையில் இரண்டு கோடுகள் வந்தன. "சிவப்பு வலி. பச்சைன்னா சுகம், நிம்மதி, சந்தோஷம் எல்லாம்" என்றாள். ஆரம்பத்தில் சிவப்பு உச்சியில் நின்றது, பிறகு தள்ளாடியது. போகப்போகச் சரிந்து தரையோடு படுத்துவிட்டது. பச்சை மேலே மேலே ஏறி, முடிகிற இடத்தில் உச்சியைத் தொட்டது.

அவள் அந்தப் பச்சைக் கோட்டின்மேல் விரலை ஓட்டினாள்.

"அக்கா, இது வலியில்ல" என்றாள் பிலோமினா.

"ஊசி போட்டிருப்பாங்க. போதை ஊசி. அதான்."

"இருக்கலாம்."

"இதை அவனுக்கு ஓட்டினா?"

"ஒன்றரை நிமிஷம் சொர்க்கத்துல இருந்துட்டு வருவான்."

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. என் தாலியை அறுத்தவனுக்கு நானே பஸ் ஏறி வந்து, கெஞ்சி, பழுதுபார்த்து, போதை ஏற்றிவிட வேண்டுமா? அவன் சிரித்த அந்தச் சிரிப்பு கண்முன் வந்தது. பல்லை நறநறவென்று கடித்தேன்.

பிலோமினா பட்டையை எடுத்து என் பக்கம் நீட்டினாள். "நீங்க ஒரு தடவை மாட்டிப் பாருங்கக்கா. உங்க வீட்டுக்காரர் மனசு இது. நகல் எடுத்து வெச்சுக்கிற ஜாதியும் இல்ல. இது அலையை அப்படியே எழுதுற மிஷின். நகல் எடுத்தா கோடு வரும், உசிர் வராது."

"வேணாம்."

"ஏன்க்கா?"

"நான் போய்ச் சேரும்போதே அவருக்குக் கண்ணு போயிருந்துது, நினைவும் இல்ல. சாயங்காலம் வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. நான் வந்தது தெரியாமலே போய்ட்டாரு. போதையில கிடந்த மனுஷன் மனசைப் பார்த்து என்ன ஆகப்போகுது?"

அவளிடம் சொன்ன காரணம் அது. எனக்கு உள்ளே இருந்தது பயம். அதை மாட்டிக்கொண்டு அவர் சுகமாகப் போனார் என்று தெரிந்துவிட்டால் என் கோபம் இளகிவிடும். இத்தனை வருடம் என்னை எழுப்பி உட்காரவைத்து, சோறு தின்னவைத்து, ஏலம் கூவவைத்தது அந்தக் கோபம்தான். அது போனால் என்னிடம் என்ன இருக்கிறது?

"பிலோமினா, இதுல என்னோடதை எழுது" என்றேன்.

"என்னது?"

"என் வேதனையை. அவர் பட்டதைவிட நான் பட்டது ஜாஸ்தி. தட்டு அதேதான், ஆஸ்பத்திரி சீட்டு ஒட்டியிருக்கு, டாக்டர் கையெழுத்து இருக்கு. எவன் கண்டுபிடிப்பான்?"

"உங்களுக்குப் பைத்தியமா? கோர்ட்டு சாட்சியம்க்கா! தெரிஞ்சா என் லைசென்ஸ் போகும், நீங்களும் நானும் சேர்ந்து களி திங்கணும்."

"அவன் மாலை போட்டுக்கிட்டுப் போனான், பிலோமினா. என் வீட்டுக்காரரைக் குடிகாரன்னு சொல்லிட்டு மாலை போட்டுக்கிட்டுப் போனான்."

அவள் போய் ஜன்னல் கதவைச் சாத்தினாள். பிறகு வந்து திருகுகளைத் தளர்த்தி, மோட்டாரைப் பழைய இடத்துக்கே, நேராக, கொண்டுவந்து முடுக்கினாள். கோர்ட்டில் இருப்பது நேரான டிரைவ். நேராக எழுதினால்தான் அங்கே படிக்கும். கடையில் இருந்த ஒரு வலிமானிப் பெட்டியின் ஒயரை டிரைவில் சொருகினாள்.

"நான் கீழ போய் டீ குடிச்சிட்டு வரேன். அந்தச் சிவப்பு பட்டனைத் தெரியாமகூட அமுக்கிடாதீங்க. அமுக்கினா எழுத ஆரம்பிச்சிடும். எழுதினா பழசு போனது போனதுதான்" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

பட்டையை மாட்டினேன். பட்டனை அமுக்கினேன். கத்தவில்லை, அழவில்லை. கோர்ட்டுப் படியில் நின்ற என்னை நினைத்தேன். ரோஜா வாசனையை நினைத்தேன். 'குடிகாரன் பொண்டாட்டி' என்று துறைமுகத்தில் முதுகுக்குப் பின்னால் பேசியவர்களை நினைத்தேன். அவருக்குப் பிடித்த வவ்வால் மீனை இத்தனை வருடம் எவனெவனுக்கோ ஏலம் கூவியதை நினைத்தேன். இராசரத்தினம், உனக்குத்தான்டா, எல்லாம் உனக்குத்தான் என்று ஒன்றரை நிமிடமும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிலோமினா திரும்பி வந்தபோது திரையில் சிவப்புக் கோடு உச்சியை இடித்துக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

கோர்ட்டில் இந்தத் தடவை டிரைவ் மக்கர் பண்ணவில்லை. இராசரத்தினத்தின் தலையில் பட்டையைக் கட்டினார்கள். அவன் மருமகள் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ரீங்காரம் தொடங்கியது.

சொல்லட்டுமா, எனக்கு அவ்வளவு ஆனந்தமாக இருந்தது. கழுத்தில் நெருப்பு மாலை விழுந்ததுபோல் அவன் அவள் பிடியை உதறிவிட்டு இரண்டு கையாலும் கழுத்தைப் பிறாண்டினான். வாய் கோணியது. ஓங்கரித்தான். பூ வாசனையைத் துரத்துவதுபோல் மூக்கின் முன்னால் கையை வீசி வீசி அலறினான். கோர்ட்டில் பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் இமைக்கவில்லை. படு, இன்னும் படு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

முடிகிற நேரத்தில் அவன் முகம் மாறியது. அலறல் அடங்கியது. சுருக்கமெல்லாம் தளர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, தூங்குகிற குழந்தையைப்போல் சிரித்தான். அது அன்றைக்கு உதட்டோரம் சிரித்த சிரிப்பு இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. என்னுடையதில் சிரிப்பதற்கு என்ன இருந்தது?

அதற்குள் முடிந்துவிட்டது. எல்லார் முன்னாலும் தட்டின்மேல் பெரிய காந்தத்தை வைத்துத் தேய்த்தார்கள். பிறகு கத்தரித்தார்கள்.

வெளியே வந்ததும் பிலோமினாவைப் பிடித்து உலுக்கினேன். அவள் தயங்கினாள்.

"கடைசித் தடங்கள்ல அந்தப் பழைய டிரைவ் இன்னும் அதிகமா விலகி, முழுசா அடுத்த தடத்து மேலேயே ஏறியிருக்கும்க்கா. உங்க எழுத்து அதைச் சரியா மூடல. பழசு கொஞ்சம் மிஞ்சியிருக்கு. சில நொடிதான்."

"நாய்க்குக் கொஞ்சம் போதையும் கிடைச்சிடுச்சா" என்று காறித் துப்பினேன்.

கொஞ்ச நாள் கழித்து அவன் மருமகள் துறைமுகத்துக்கே வந்து நின்றாள். மாமா உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்றாள். முகத்தில் துப்பிவிட்டு வரலாம் என்றுதான் போனேன்.

கட்டிலில் சாய்ந்திருந்தான். கையைக் கூப்பினான்.

"முதல்ல வந்தது யாரோடதுன்னு எனக்குத் தெரியும்மா" என்றான். "அது கலியமூர்த்தி இல்ல. கோர்ட்டுப் படியில நின்னது நீங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. களிதான் இனி என்று நினைத்தேன்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அது எனக்குச் சேர வேண்டியதுதான். ஆனா கடைசியில வந்தது உங்களோடது இல்ல. அதை உங்ககிட்டச் சொல்லாம நான் செத்துடக் கூடாதுன்னுதான் வரச் சொன்னேன்."

"போதையில கிடந்தவர் கனவை எனக்கு நீ சொல்லணுமா?"

"போதை இல்லம்மா. ஊசியே போடல அப்போ. நெஞ்செல்லாம் தீ. கண்ணு தெரியல. நாக்கு அசையல. ஆனா நல்ல நினைவு இருந்துது. அப்போ நெத்தியில ஒரு கை பட்டுது. ஐஸ்ல இருந்து எடுத்த மாதிரி சில்லுனு. மீன் வாசனை. கண்ணாடி வளையல் சத்தம். அவ்வளவுதான், தீயெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல. 'வந்துட்டியா ஏலக்காரி'ன்னு மனசு அப்படியே நிறைஞ்சு போச்சும்மா."

அன்று நான் ஏலத்தைப் பாதியில் போட்டுவிட்டு ஓடினேன். ஐஸ் பெட்டிக்குள் இருந்த கையை உதறக்கூட இல்லை. அதே கையைத்தான் அவர் நெற்றியில் வைத்தேன். அது யாருக்கும் தெரியாது. 'ஏலக்காரி' என்று அவர் என்னைக் கூப்பிட்டது எங்கள் வீட்டு நான்கு சுவருக்குள்தான். அதுவும் யாருக்கும் தெரியாது.

நான் வந்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதைத்தான் பிலோமினா பட்டையில் வைத்து என் கைக்கெட்டும் தூரத்தில் நீட்டினாள். வேண்டாம் என்று சொல்லி, அதன்மேல் இவன் முகத்தை எழுதினேன்.

துப்பாமல் திரும்பி வந்தேன்.

அடுத்த வாரம் கால் தானாகப் போனது. "இன்னொரு தடவை சொல்லு" என்றேன். சொன்னான். அதற்கடுத்த வாரமும் போனேன். வியாழக்கிழமை என்று வழக்கமாகிவிட்டது. அவனை நான் மன்னிக்கவில்லை, அதை யாரும் தப்பாகப் புரிந்துகொள்ள வேண்டாம். அவன் முகத்தைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஆனால் அவன் இருமினால் நான்தான் ஓடிப்போய் வெந்நீர் கொண்டுவருகிறேன். என் வீட்டுக்காரருடைய கடைசி மனசு இந்த உலகத்தில் அந்த ஒரு மண்டைக்குள்தான் இருக்கிறது. இரண்டாவது தடவையாகப் பாடலீஸ்வரரிடம் போனேன். இவனுக்கு நூறு வயது கொடு என்று கேட்டேன். கேட்கும்போதே வாய் கசந்தது.

போன மாதம் போனபோது என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "யாரும்மா நீங்க?" என்றான்.

"விளையாடுறியா? சொல்லு. நெத்தியில கை பட்டுதே, அதைச் சொல்லு."

"யாரு நெத்தியில?"

மருமகள் வாசலில் நின்று, "கொஞ்ச நாளா இப்படித்தாங்க. பேத்தியைக்கூடத் தெரியல. டாக்டர் இனி சரியாகாதுன்னு சொல்லிட்டாரு" என்றாள். அவள் காப்பி போடப் போனாள். நான் விடவில்லை. கலியமூர்த்தி என்றேன். ஆஸ்பத்திரி என்றேன். ஏலக்காரி என்றேன். அவன் விழித்தான். உதடு மட்டும் டப், டப் என்று அடித்துக்கொண்டது. வேறு ஒன்றும் வரவில்லை.

எனக்குக் கண்மண் தெரியவில்லை. அந்த நர்ஸ் நினைவுக்கு வந்தாள். வலது பக்கம், ஓங்கி ஒரு தட்டு. கையை ஓங்கிவிட்டேன்.

ஏலத்திலிருந்து நேராக வந்த கை. விரலெல்லாம் இன்னும் ஐஸ் பிடித்து விறைத்துக் கிடந்தது. அதைப் பார்த்ததும் அப்படியே நின்றேன். பிறகு மெதுவாக இறக்கி, என் ஜென்மப் பகைவனின் நெற்றியில் வைத்தேன்.

அவன் கண்ணை மூடினான். சுருக்கமெல்லாம் தளர்ந்தது.

"வந்துட்டியா ஏலக்காரி" என்றான்.

இப்போதெல்லாம் வியாழக்கிழமை ஏலம் முடிந்ததும், ஐஸ் பெட்டிக்குள் இரண்டு கையையும் விட்டு, மரத்துப்போகும்வரை வைத்திருந்துவிட்டுத்தான் அவன் வீட்டுக்குப் புறப்படுகிறேன்.